பூனை எலிக்கு விசிறும் கல்சில்லு: எகிப்திய மைச் சித்திரங்கள், கேள்வி பதில்

கேள்வி: எழுதவும் வரையவும் பாப்பிரஸ் என்ற புல்தாள் இருந்தும், பழைய எகிப்திய ஓவியர்கள் ஏன் கல்சில்லில் வரைந்தார்கள்?

பதில்: பாப்பிரஸுக்கு விலை உண்டு; சில்லு காலடியில் கிடந்தது. பூனை, எலி என்று சில்லில் வரைந்த இந்த மிருகப் படங்களில் பெரும்பாலானவை தேர் எல்-மதீனாவில் கிடைத்தவை, சுமார் கி.மு. 1295–1070 காலத்தவை. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்களின் ஊர் அது. குடையும்போது தெறித்த சுண்ணாம்புக்கல்லில் ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தால் போதும், வரைந்துவிடலாம்.

கேள்வி: அதே மை, அதே தூரிகையைச் செய்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. கறுப்புக்குப் புகைக்கரி, சிவப்புக்குச் செங்காவி. மாவாக அரைத்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகும் கரி விரலில் ஒட்டும். கூடினால் பளபளத்து, வெடித்து, செதிலாக உரியும். தூரிகை மயிரால் ஆனதல்ல. கோரை போன்ற சதுப்புப் புல்லின் தண்டு, 1.5–2.5 மி.மீ. கனம். நுனியைச் சாய்வாக நறுக்கி, மென்று நார் பிரிக்க வேண்டும். நாணல் பேனா கிரேக்கர்களோடு பிற்பாடு வந்தது. அதில் இந்தக் கோடு வராது. கல் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும். கை தயங்கினால் அந்த இடத்தில் மை திட்டாகிவிடும்.

கேள்வி: ஒரே படத்தில் சிவப்பும் கறுப்பும் ஏன்?

பதில்: பல படங்களில் சிவப்பு முதல் வரைவு, கறுப்பு திருத்தம். மிருகத்தின் முதுகுக் கோட்டை உருப்பெருக்கியில் பாருங்கள்: மை தீரத் தீர வெளிறிக்கொண்டே போய், ஓரிடத்தில் திடீரென்று அடர்ந்திருக்கும். அங்கே தூரிகை மறுபடி மை தொட்டிருக்கிறது. இதைத் தொடர்ந்து போனால் எந்தக் கோடு முன்னே, எது பின்னே என்று பிடித்துவிடலாம்.

கேள்வி: பூனை எலிக்குப் பணிவிடை செய்வது அரசியல் கேலியா?

பதில்: புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள, சுமார் 17 செ.மீ. நீளச் சில்லில் எலிச் சீமாட்டி அமர்ந்திருக்கிறாள். எதிரே நிற்கும் பூனை விசிறியும் வாத்து இறைச்சியும் நீட்டுகிறது. கல்லறைச் சுவரின் படையல் காட்சி அப்படியே இருக்கிறது, பாத்திரங்கள் மட்டும் தலைகீழ். விளக்க வாசகம் ஏதுமில்லை. அதனால் கலகப் படம் என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கையில் ஊறிப்போன காட்சியோடு ஓவியர் விளையாடுகிறார். எனக்கு அந்த அழகே பெரிது.

கேள்வி: மங்கிய கோட்டை நனைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது! பிசின் கரைந்து மை கலையும். கல்லுக்குள் இருக்கும் உப்பும் கரைந்து, காயும்போது மேலே வந்து படிகமாகி, மையோடு கல்லின் தோலையும் உரித்துவிடும். கரி மைக்கு அகச்சிவப்புப் படம் எடுங்கள். கரி கறுப்பாகவே நிற்கும், செங்காவி ஏறக்குறைய மறைந்துவிடும். செங்காவியைத் தேடினால் சாதாரண வண்ணப் படத்தை, மங்கிய நிறங்களைத் தூக்கிக் காட்டும் டி-ஸ்ட்ரெட்ச் மென்பொருளில் போடுங்கள்.