ஒருமுறை திறந்த பக்கத்தின் பிஎச்பி நிரல் இருமுறை ஓடுவது ஏன்?

சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதிய பக்கத்தை ஒருமுறை திறந்தாலும் வரிசை எண் இரண்டு கூடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கோளாறில் இரண்டு இரவுகளைத் தொலைத்தவன் நான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்காகத் தைப்பூசப் பால்குடப் பதிவுப் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கம் திறந்தவுடனேயே அது அடுத்த எண்ணை ஒதுக்கிவிடும். முதல் நாள் மாலையே செயலாளர் அழைத்து, "தம்பி, 41க்கு அடுத்து 43 வருது, 42 யாருக்குப் போச்சு?" என்றார். நிரலை வரிவரியாகப் படித்தும் பிழை தென்படவில்லை.

நிரலைத் தொடுவதற்கு முன் சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாகப் பதிவாகும் ஆக்செஸ் லாக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு திறப்புக்கு ஒரு வரி மட்டும் பதிவாகியிருந்தால் கோளாறு நிரலுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இன்குளூட் செய்யப்பட்டு (சேர்க்கப்பட்டு) இருக்கும். இரண்டு வரிகள் இருந்தால் கோரிக்கையே இருமுறை வந்திருக்கிறது. எனக்கு இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாவதில் கேட்கப்பட்டது ஃபேவிகான்.ஐகோ. தாவலில் தெரியும் அந்தச் சிறு படத்தை, நாம் குறிப்பிடாவிட்டாலும், உலாவி தானாகவே தேடும். அப்படியொரு கோப்பு என்னிடம் இல்லை. இல்லாத கோப்புகளைக் கேட்கும் கோரிக்கைகளை எல்லாம் இன்டெக்ஸ் நிரலுக்குத் திருப்பும் விதியோ, சர்வருக்கான அமைப்புகளை எழுதி வைக்கும் எச்டிஅக்செஸ் கோப்பில் இருந்தது. ஆக, படம் கேட்டு வந்த உலாவிக்கு நான் ஒரு பால்குடத்தை ஒதுக்கியிருக்கிறேன்! உலாவி எல்லா முறையும் படத்தைக் கேட்பதில்லை என்பதால் சில எண்கள் மட்டுமே தாண்டின. என்னை அதிகம் குழப்பியது அதுதான்.

அந்தப் பெயரில் ஒரு படத்தை வைத்ததும் தாண்டல் நின்றது. ஆனால் உண்மையான தவறு, பக்கத்தைப் பெறுவதற்கு மட்டுமான கெட் கோரிக்கையில் எண்ணை ஒதுக்கியது; இணைப்பைப் பகிரும்போது முன்னோட்டம் எடுக்கும் வாட்ஸ்அப்பும் கெட் கோரிக்கையைத்தான் அனுப்புகிறது. ஆகவே, எண் ஒதுக்கலை, படிவத்தை அனுப்பும்போது வரும் போஸ்ட் கோரிக்கைக்கு மாற்றி, பதிவானதும் 303 குறியீட்டுடன் (வேறு முகவரிக்குப் போ என்று உலாவிக்குச் சொல்வது) வேறு பக்கத்துக்குத் திருப்பி, நிரல் அங்கேயே நிற்க அடுத்த வரியிலேயே எக்ஸிட் எழுதினேன். இணைப்பு மெதுவாக இருக்கையில் பொறுமையிழந்து மீண்டும் அழுத்துபவர்களுக்காக, படிவத்தில் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் மறைகுறி ஒன்றை வைத்து, தரவுத்தள அட்டவணையில் அந்தக் குறி பதிவாகும் பத்திக்கு, ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத யூனிக் கீ கொடுத்தேன். இரண்டாவது பதிவை அட்டவணையே மறுத்துவிடும்.

உங்கள் லாக்கில் இரண்டு வரிகளுமே போஸ்ட் என்றிருந்தால், பொத்தானின் கிளிக் நிகழ்வும் படிவத்தின் சப்மிட் நிகழ்வும் தனித்தனியே அனுப்புகின்றனவா என்று ஜாவாஸ்கிரிப்ட்டில் தேடுங்கள்.