நிலைமின்காட்டியின் இலைகள் ஏன் உடனே மூடிக்கொள்கின்றன?

"எட்டாம் வகுப்பு மகளின் அறிவியல் கண்காட்சிக்காக ஊறுகாய் பாட்டிலில் நிலைமின்காட்டி செய்தோம். தேய்த்த ஸ்ட்ராவை அருகே கொண்டுபோனால் அலுமினிய இலைகள் விரிகின்றன, எடுத்ததும் மூடிக்கொள்கின்றன. சில நாள் அசைவே இல்லை. சென்னையின் ஈரக்காற்றுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதியில் கோளாறே இல்லை. கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. நிலைமின்காட்டி (எலக்ட்ரோஸ்கோப்) என்பது ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டுவது: மூடி வழியாக இறங்கும் கம்பி, அதன் மேல்முனையில் உலோக உருண்டை, கீழ்முனையில் இரண்டு மெல்லிய இலைகள். தேய்த்த ஸ்ட்ராவில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. அது மேலே உள்ள உருண்டையை நெருங்கும்போது, அங்கிருக்கும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி கம்பி வழியாக இலைகளுக்குத் தள்ளப்படுகிறது. இரண்டு இலைகளிலும் ஒரே வகை மின்னூட்டம் சேர்வதால் விலகுகின்றன. ஸ்ட்ராவை எடுத்தால் எலக்ட்ரான்கள் திரும்பிவிடும், இலைகள் சேர்ந்துவிடும். கருவியின் மொத்த மின்னூட்டம் தொடக்கத்திலும் சுழி, முடிவிலும் சுழி. நீங்கள் அதற்கு எதையும் கொடுக்கவே இல்லை.

"தொட்டும் பார்த்தோம்" என்பீர்கள். ஒரு புள்ளியில் தொட்டால் போதாது. ஸ்ட்ரா மின்கடத்தாப் பொருள். அதன் மேல் இருக்கும் மின்னூட்டம் ஓடி வராது. தொட்ட இடத்தில் இருப்பது மட்டும்தான் இறங்கும். அதனால் ஸ்ட்ராவைப் படுக்கைவாட்டில் உருண்டைமேல் வைத்து, உருட்டிக்கொண்டே முழு நீளத்துக்கும் அழுத்தி இழுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தேய்த்து இழுத்தாலே இலைகள் விரிந்தபடி நிற்கும். நிற்காமல் சில நொடிகளில் இறங்கினால்தான் கசிவு என்று பொருள். அங்கேதான் உங்கள் ஈரக்காற்று வருகிறது.

ஆனால் பலரும் நினைப்பதுபோல் ஈரமான காற்று மின்சாரத்தைக் கடத்தி எடுத்துப்போவதில்லை. நீராவி கலந்த காற்றும் நல்ல மின்கடத்தாப் பொருள்தான். கசிவு நடப்பது மூடியின் பரப்பில், கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தின் வழியாக. அதில் வியர்வை உப்பு கரைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். "பாடப்புத்தகத்தில் ஈரக்காற்று கடத்தும் என்றுதானே இருக்கிறது" என்று சண்டைக்கு வருபவர்கள், அதே அறையில் அதே கருவியின் மூடியை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். காற்று மாறாது, இலை நிற்கும் நேரம் மாறும்.

எவ்வளவு நல்ல காப்பு தேவை என்று ஒரு கணக்கு. சமையலறை அலுமினியத் தாள் ஏறக்குறைய 11 மைக்ரான் தடிமன். அதில் 5 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளத்துக்கு ஓர் இலை வெட்டினால் எடை சுமார் 4.5 மில்லிகிராம். இந்த இலை 30 டிகிரி விலக, மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையைச் சொல்லும் கூலும் விதிப்படி தோராயமாக ஒரு நானோகூலும் மின்னூட்டம் போதும். சுமார் 600 கோடி எலக்ட்ரான்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் மிக மிகச் சின்ன அளவு. உருண்டையும் கம்பியும் சேர்ந்த மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன், சில பிக்கோஃபாரட்தான். 5 என்று வைத்துக்கொள்வோம். இலை ஒரு நிமிடமாவது நிற்க வேண்டுமென்றால், மூடியின் மின்தடை 10 லட்சம் கோடி ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். "மல்டிமீட்டரில் பார்த்தோம், ஓப்பன் (மின்பாதையே இல்லை) என்று காட்டுகிறது" என்று சொல்லாதீர்கள். சாதாரண மல்டிமீட்டர் 20 மெகா ஓமுக்கு மேல் போனாலே கையை விரித்துவிடும். 20 மெகா ஓம் மூடி இந்த மின்னூட்டத்தை நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வடித்துவிடும்.

ஆகவே கார்க், மரக்கட்டை, அட்டை எதுவும் மூடியாக வேண்டாம்; எல்லாம் ஈரம் குடிப்பவை. பிளம்பர்கள் குழாய்மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கம்பி மூடிக்குள் நுழையும் இடத்தில் அதை இருபது முப்பது சுற்று இறுக்கிச் சுற்றி, மூடியில் அதற்கேற்ற துளை போட்டுச் செருகுங்கள். தகர மூடியாக இருந்தால் துளையைப் பெரிதாக்கி, கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. விட்டு, உருக்கிய மெழுகை ஊற்றி நிறுத்தலாம். சுற்றிய பிறகு அந்த இடத்தைக் கையால் தொடக் கூடாது. துடைக்க ஹேண்ட் சானிடைசரை எடுத்துவிடாதீர்கள். பலவற்றில் கிளிசரின் இருக்கும், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சோப்பு மிச்சமும் அப்படித்தான். கிளிசரின் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் துடையுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான நீரில் அலசி, ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் காட்டினாலே போதும்.

கம்பிக்கு வைண்டிங் ஒயர் எடுத்திருந்தால் முனைகளை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டுங்கள். அதன் இனாமல் பூச்சு மின்னூட்டத்தை இலைக்கு விடாது. கம்பியின் மேல்முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே மின்புலம் குவிந்து, மின்னூட்டம் காற்றில் இறங்கிவிடும். அதை வளைத்து, 3 செ.மீ. விட்டமுள்ள அலுமினியத் தாள் உருண்டைக்குள் புதைத்து, உருண்டையைத் தரையில் உருட்டி வழவழப்பாக்குங்கள். இலைகளைக் கம்பியில் ஒட்டாதீர்கள். ஊசியால் துளை போட்டு, கொக்கியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். நகத்தால் நீவி மடிப்பு எடுத்த பிறகு, வாயால் லேசாக ஊதினால் ஆட வேண்டும். ஆடாத இலை மின்னூட்டத்துக்கும் அசையாது. சாக்லேட் தாள் வேண்டாம், பெரும்பாலும் அது உலோகம் பூசிய பிளாஸ்டிக். கண்ணாடி பாட்டில் எடுத்தது நல்லது. பிளாஸ்டிக் பாட்டில் கைபட்டே மின்னேறி இலையைச் சுவரோடு ஒட்டவைக்கும்.

"சில நாள் அசைவே இல்லை" என்பதற்குத் தேய்க்கும் பொருள்தான் காரணமாக இருக்கும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதலும் தடை. இப்போது கடையில் தருவது காகித ஸ்ட்ரா என்றால், அது ஈரம் ஏறிக் கசியவிடும். எலக்ட்ரிகல் கடையில் முக்கால் இஞ்ச் பி.வி.சி. வயரிங் பைப் அரை மீட்டர் வாங்குங்கள். உலர்ந்த கம்பளித் துணி சிறந்தது. இல்லையென்றால் டிஷ்யூ பேப்பர். பிடித்த கை பக்கம் தேய்க்காமல், மறுமுனையில் ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. முன்கையருகே கொண்டுபோனால் ரோமம் நிமிர வேண்டும். நிமிராவிட்டால் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தலைமுடியில் சீப்பைத் தேய்க்கும் சோதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அதே தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் சொல்கிறோம். சீப்பில் எண்ணெய்ப் படலம் ஏறிய பிறகு எங்கே மின்னேறும்?

நேர் மின்னேற்றம் வேண்டுமானால் பட்டும் கண்ணாடிக் கோலும் தேடி அலைய வேண்டாம். கண்ணாடி நம் ஊர் ஈரத்தில் பெரும்பாலும் ஏமாற்றும். தூண்டலே போதும், அதாவது மின்னேறிய பொருளால் தொடாமலேயே மின்னேற்றுவது. பைப்பை உருண்டைக்கு 5 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள், இலைகள் விரியும். பைப்பை அசைக்காமல் மறுகை விரலால் உருண்டையைத் தொடுங்கள், எலக்ட்ரான்கள் விரல் வழியாக உடலுக்குப் போய்விடும், இலைகள் மூடும். இப்போது முதலில் விரலை எடுங்கள், பிறகுதான் பைப்பை. இலைகள் விரிந்து நிற்கும், இம்முறை நேர் மின்னூட்டத்தோடு. பைப்பை முதலில் எடுத்தால், போன எலக்ட்ரான்கள் விரல் வழியாகவே திரும்பி வந்து எல்லாம் சுழியாகிவிடும். செய்து காட்டும்போது பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த வரிசையில்தான்.

சரிபார்க்க, அதே பைப்பை அரை மீட்டர் தூரத்திலிருந்து மெல்லக் கொண்டுவாருங்கள். இலைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இன்னும் நெருங்கினால் மறுபடி விரியத் தொடங்கும். எலக்ட்ரான்கள் அளவுக்கு மீறி இலைக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். வேகமாகக் கொண்டுபோனால் நடுவில் மூடியது கண்ணில் படாது, மின்னூட்டத்தின் குறியைத் தப்பாகச் சொல்லிவிடுவீர்கள். இன்னொன்று: மின்னூட்டமே இல்லாத வெறும் கையைக் கொண்டுபோனாலும் இலைகள் லேசாகச் சேரும். அதனால் சேர்வதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தூரத்திலிருந்து கொண்டுவரும்போதே விரிவு அதிகமானால் மட்டும், வருவது அதே வகை மின்னூட்டம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

கண்காட்சி நடுவர்கள் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். எல்.இ.டி. மின்னுகிற, மோட்டார் சுழல்கிற, கடையில் வாங்கிப் பொருத்திய மாடலுக்குப் பரிசு போகும். 1787இல் ஆபிரகாம் பென்னெட் செய்துகாட்டிய தங்க இலைக் கருவியின் வழியில் வந்த இந்தப் பாட்டிலை இரண்டு நொடி பார்த்துவிட்டு நகர்வார்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. இருந்தாலும் உங்கள் மகளிடம் சொல்லி வையுங்கள்: நடுவர் வந்ததும் விளக்கத்தை ஒப்பிக்காமல் பைப்பை அவர் கையிலேயே கொடுத்துவிடட்டும். முந்தின இரவே பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சும் சில்லிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடி வையுங்கள். கண்காட்சிக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே மேசை கிடைத்தால் மாற்றிக் கேளுங்கள். பாட்டிலுக்காக அல்ல; ஈர்த்துக் காட்டக் காகிதத் துணுக்குகள் வைத்தால் அவை பறந்துவிடும்.