ஞானப்பல் எடுக்க எந்த மயக்கம்? மயக்கவியல் மருத்துவரிடம் கேள்வி பதில்

மயக்க மருந்து பற்றி மட்டும் கேளுங்கள். பல்லை எடுக்க வேண்டுமா என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

தும்பை: கீழ்ப்பல் ரெண்டும் படுத்த மாதிரி இருக்கு. எலும்பைக் கொஞ்சம் செதுக்கணும்னு சொல்றாங்க. வெறும் ஊசி போதுமா, முழு மயக்கமா?

எந்த வழியில் போனாலும் மரத்துப்போகும் ஊசி உண்டு, முழு மயக்கத்திலும் பெரும்பாலும் போடுவார்கள். வலியைத் தடுப்பது அந்த ஊசி. சிரிப்பு வாயுவும், பேச்சுக்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தூக்கக் கலக்கத்தில் வைக்கும் அரை மயக்கமும் பயத்தைத்தான் தணிக்கும்.

வழக்கமான மருந்து, 80,000-க்கு 1 பங்கு அட்ரினலின் சேர்ந்த 2 சதவீத லிக்னோகெய்ன். கீழ்த்தாடையில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே போடுவார்கள். ஐந்து நிமிடம் போல ஆனதும் அந்தப் பக்கக் கீழுதடு தடித்தது போலிருக்கும். கன்னத்தை ஒட்டிய ஈறுக்கு வேறு நரம்பு என்பதால் அங்கே தனியாக இன்னொரு ஊசி. கூர்மையான வலி போய்விடும். ஆனால் அழுத்தம், இழுப்பு, டிரில் சத்தம் மூன்றும் தெரியும். நடுவில் சுருக்கென்று வலித்தால் கையைத் தூக்குங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். அளவுக்குப் பஞ்சமில்லை: 60 கிலோ எடையுள்ள, வேறு நோயில்லாத ஒருவருக்கு லிக்னோகெய்ன் கணக்கில் உச்ச அளவு 420 மில்லிகிராம், அதாவது 21 மில்லி. ஒரு பல்லுக்கு மூன்று நான்கு மில்லிதான் செலவாகும்.

முக்கால் மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க முடியும், சத்தம் பரவாயில்லை என்றால், எலும்பைச் செதுக்கினாலும் இதுவே போதும். பயமோ குமட்டலோ அதிகம் என்றால் அரை மயக்கம். நான்கு பல்லையும் ஒரே தடவையில் எடுப்பது, பல் மிக ஆழத்தில் கிடப்பது, ஒத்துழைக்கவே முடியாத நிலை: இவற்றுக்கு முழு மயக்கத்தை யோசிக்கலாம்.

வேப்பம்பூ: போன தடவை நாலு ஊசி போட்டும் மரக்கல. எனக்கு ஊசியே ஏறாதா?

அப்போது ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருந்ததா? அழற்சி உள்ள இடத்தில் அமிலம் கூடும். மருந்தின் மின்னூட்டமில்லாத பகுதிதான் நரம்பின் உறைக்குள் நுழையும், அமிலத்தில் அந்தப் பகுதி குறைந்துவிடும். முதலில் தொற்றை அடக்கிவிட்டுப் பிறகு பல்லை எடுத்தால் அதே மருந்து வேலை செய்யும். இன்னொரு காரணம், நரம்பு இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அப்போது சற்று மேலே தள்ளிப் போடும் முறையும், 4 சதவீத ஆர்ட்டிகெய்னைப் பல்லருகே கூடுதலாகப் போடுவதும் கைகொடுக்கும். பழைய அனுபவத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீலக்குடை: சாப்பிட்டுட்டுப் போகலாமா?

ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போங்கள், வெறும் வயிற்றில் தலைசுற்றி விழுபவர்கள் அதிகம். ரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கும் அரை மயக்கமோ முழு மயக்கமோ என்றால் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன், எண்ணெய்ப் பண்டம் 8 மணி நேரத்துக்கு முன், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய்க்கோ எடை குறைக்கவோ செமாக்ளுடைட் போன்ற ஊசி போடுபவர்களுக்கு வயிறு காலியாகத் தாமதமாகும், கட்டாயம் சொல்லுங்கள்.

கிளிஞ்சல்: பல் டாக்டரே மிடாசோலம் போட்டு அவரே பல்லையும் எடுக்கறேன்னு சொல்றார். தனியா மயக்க டாக்டர் வேணுமா?

மிடாசோலம் அரை மயக்கத்துக்கான தூக்க மருந்து. மூச்சைக் கவனிக்க ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. இந்தப் பதிலில் நான் இறங்கி வர மாட்டேன்.

பல்பிடுங்கி: நான் வாய்-தாடை அறுவை மருத்துவர். இது மிகை. மிடாசோலம் மட்டும், ஒவ்வொரு மில்லிகிராமாக, நடுவில் இரண்டு நிமிடம் பொறுத்து, பேசினால் பதில் சொல்லும் அளவில் நிறுத்தினால் பாதுகாப்பானதுதான். அதை முறிக்கும் மருந்து ஃப்ளூமசெனிலும் கையில் இருக்கிறது. எல்லாருக்கும் மயக்க மருத்துவர் என்றால் பாதிப் பேர் பயத்தில் பல்லையே எடுக்க மாட்டார்கள்.

நீங்கள் சொல்லும் அளவு வரை, பயிற்சி பெற்ற உதவியாளர் கண்காணித்தால், ஒப்புக்கொள்கிறேன். பிரச்சினை அந்த அளவு தாண்டும்போது. நோயாளி அசைகிறார் என்று கொஞ்சம் ஃபென்டனில் (வீரியமான வலி மருந்து), பிறகு கொஞ்சம் புரோபோஃபால் (முழு மயக்கத்துக்கான மருந்து) என்று சேரும்போது பதில் சொல்வது நின்றுவிடும். வாயிலோ ரத்தமும் டிரில் தண்ணீரும். கீழ்ப்பல்லை நெம்பும்போது தாடை கீழே அழுந்தி நாக்கு தொண்டையை அடைக்கும். பல்ஸ் ஆக்சிமீட்டர் இதைத் தாமதமாகத்தான் காட்டும்: மூக்கில் ஆக்சிஜன் ஓடினால் மூச்சு நின்று ஒரு நிமிடத்துக்கு மேல்கூட 98 என்றே நிற்கும். வெளிவிடும் மூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி அடுத்த மூச்சிலேயே கோடு தட்டையாவதைக் காட்டும். ஃப்ளூமசெனிலும் மிடாசோலத்துக்கு முன்பே அடங்கிவிடும், நோயாளி மறுபடி தூங்கிப்போகலாம். ஃபென்டனிலையோ புரோபோஃபாலையோ அது முறிக்கவும் செய்யாது.

பல்பிடுங்கி: புரோபோஃபால் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். கேப்னோகிராஃபியும் சரி.

நன்றி. கிளிஞ்சல், மூன்றைக் கேளுங்கள்: என்னென்ன மருந்து, மூச்சைப் பார்ப்பவர் யார், மூச்சு நின்றால் பையும் முகமூடியும் வைத்து ஊதத் தெரிந்தவர் அறையில் எத்தனை பேர். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அரைத்தூக்கம்: மாத்திரை போட்டுட்டுப் போனா போதாதா?

லேசான பயத்துக்குப் போதும். ஆனால் விழுங்கிய மாத்திரையைக் கூட்டிக் குறைக்க முடியாது, ஒருவருக்குப் போதாத அளவு இன்னொருவரை ஆழ்த்திவிடும். மது, தூக்க மாத்திரை, வலிக்கான ஓபியாய்டு இவற்றோடு சேர்க்கவே கூடாது.

மணல்வீடு: சிரிப்பு வாயு?

மூக்கடைப்பு இல்லாவிட்டால் நல்ல வழி. 30 முதல் 50 சதவீதம் வரை ஏற்றி, கடைசியில் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தலை தெளிந்துவிடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், பி12 குறைபாடு, அண்மையில் கண்ணுக்குள் வாயு வைத்த அறுவை இருந்தால் வேண்டாம்.

தாழம்பூ: அரை மயக்கத்துக்குப் பால் மட்டும் குடிக்கலாமா?

பாலும் உணவுதான், 6 மணி நேரம். நீலக்குடைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓரம்: அரை மயக்கம் முடிஞ்சதும் தனியா வண்டி ஓட்டிட்டு வரலாமா?

கூடாது. 24 மணி நேரம் வண்டி, கையெழுத்து, அடுப்பு எதுவும் வேண்டாம். துணைக்கு ஆள் வராவிட்டால் தேதியை மாற்றுங்கள்.

குடைராட்டினம்: காலைல லேசா ஏதாவது சாப்பிட்டா…

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. சாப்பாட்டுக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

மின்மினி: ஊசி போட்டதும் படபடன்னு அடிச்சுது. அலர்ஜியா?

பெரும்பாலும் அட்ரினலின், சில நிமிடத்தில் அடங்கும். தடிப்பு, முகவீக்கம், இரைப்பு வந்திருந்தால் வேறு விஷயம், பரிசோதிக்க வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள்.

ஈரக்காற்று: பல் எடுத்த குழியில மூணாம் நாள் வலி…

எடுத்தவரிடம் இன்றே போங்கள்.

புல்வெளி: நான் சத்தமாக் குறட்டை விடுவேன். இதையெல்லாமா சொல்லணும்?

மறைக்கவே கூடாதது இதுதான். தூக்கத்தில் மூச்சு அடைபட்டுத் திடுக்கிட்டு எழுகிறீர்களா, பகலில் கண் சொருகுகிறதா என்று உடன் தூங்குபவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அப்படி இருந்தால் பல் கிளினிக்கில் அரை மயக்கம் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி மட்டும், இல்லையேல் மருத்துவமனை.

நாவல்: முழு மயக்கத்துல எங்க மாமாவுக்குக் காய்ச்சல் எக்கச்சக்கமா ஏறி உடம்பே விறைச்சுப் போச்சாம். எனக்கும் முழு மயக்கம்தான் சொல்லியிருக்காங்க.

இதைக் கேட்டது நல்லதாயிற்று. மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியாவாக இருக்கலாம், அது பரம்பரையாக வரும். தூண்டுபவை தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியமும் முகர்ந்து மயங்கும் செவோஃப்ளுரேன் வகை மருந்துகளும். லிக்னோகெய்ன், நைட்ரஸ் ஆக்சைடு (சிரிப்பு வாயு), மிடாசோலம், புரோபோஃபால் தூண்டாது. மாமாவின் மயக்கக் குறிப்பேட்டின் நகல் கிடைக்குமா பாருங்கள். கிடைக்காவிட்டாலும் தேதி குறிக்கும் முன் மயக்க மருத்துவரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், இதற்கான மருந்து டான்ட்ரோலீன் இருப்பில் உள்ளதா என்றும் கேளுங்கள்.