சனிக்கிழமை வகுப்பும் ஓடிபியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் உயர்கல்வி வழிகாட்டி வகுப்பு நடத்துகிறோம். பெரும்பாலும் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை அழைத்துவருகிறோம், நன்றாகக் கைதட்டுகிறார்கள். ஜூலையில் விசாரித்தால் பலர் எங்கும் சேரவில்லை. அரசே 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று நடத்தும்போது நாங்கள் எதற்கு என்றும் தோன்றுகிறது. ஒருமுறை வந்து பேசுவீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேச வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிப் பேசிப் பொன்னாடை வாங்கியவன்தான் நானும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு இட்லிக்கடை அக்காவின் மகள் பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். கட்-ஆஃப் 200க்கு 160ஐத் தாண்டியிருந்தது. பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் தன் கைப்பேசி எண்ணையே பதிந்துவிட்டான். ஓடிபி எல்லாம் அவனுக்கு. அவள் சுற்று வந்தபோது அவனோ கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டான். ஒருவழியாக அவனைப் போனில் பிடித்து உள்ளே நுழைந்தால், விருப்பப் பட்டியலில் ஆறே கல்லூரிகள், ஆறும் பெரிய பெயர்கள். "ஏம்மா இவ்வளவுதான்?" என்றேன். "நிறைய போட்டா பேராசைன்னு நெனச்சுக்குவாங்களோன்னு..." என்றாள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், மேலிருந்து பார்த்து முதலில் கிடைப்பதைத்தான் கணினி ஒதுக்கும் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அன்றிரவு அறுபதுக்கு மேல் சேர்த்தோம். இடம் கிடைத்தது.

அந்தப் பெண்ணுக்குக் கனவுக்கு ஒன்றும் குறைவில்லை. பக்கத்தில் உட்கார ஒரு ஆள்தான் இல்லை. படித்த வீடுகளில் அதை அண்ணனோ சித்தப்பாவோ செய்துவிடுவார்கள், அது உதவி என்றே யாருக்கும் தோன்றாது.

அரசுத் திட்டங்களைக் குறை சொல்லவில்லை. 2022இல் வந்த 'நான் முதல்வன்' என்ன படிக்கலாம் என்று காட்டுகிறது. சேராமல் நின்றவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கூட உண்டு. ஆனால் முகாம் ஒரு நாள், கவுன்சலிங் வாரக்கணக்கில்.

அதனால் சனிக்கிழமை வகுப்பைத் தாள்வேலைக்குத் திருப்புங்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகிறவர்களுக்கான முதல் பட்டதாரி சான்றிதழுக்கு ஜனவரியிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வையுங்கள். 2010 முதல் இருக்கும் சலுகை இது. தொழிற்படிப்பில் கல்விக் கட்டணம் குறையும். ரிசல்ட் வந்தபிறகு அலைந்தால் தாலுகா ஆபீஸில் கூட்டம் நெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதைப் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள், 'வேண்டாம்' என்பது அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம், கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப்பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேச்சாளருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு ஸ்கேனர் வாங்குங்கள். கவுன்சலிங் தொடங்கும்போது சொல்லியனுப்புங்கள், மடிக்கணினியோடு வந்து மூன்று நாள் உட்காருகிறேன். மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு.