யானை கூடிவிட்டதா, வேலி செத்துவிட்டதா?

கேள்வி: ஐயா, கோவை நரசீபுரம் பக்கம் காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் இருக்கிறது. ஐந்து மாத நேந்திரன் வாழையில் 140 மரத்தை ஒற்றை ஆண் யானை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டது. யானை அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது, அரசு ஏன் பிடித்து வேறு காட்டில் விடக்கூடாது? இரண்டு வருடத்துக்கு முன் போட்ட சோலார் வேலியை அது மதிப்பதே இல்லை. வேலிக்குக் கரண்ட் அனுப்பும் மெஷினை இன்னும் பெரிதாக வாங்கச் சொல்கிறார் டீலர். மெயின் லைனிலிருந்து நேர் கரண்ட் கொடுத்துவிடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நேர் கரண்ட் பேச்சை இன்றோடு விடுங்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அதே கம்பியில் நாளை தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளும் விழலாம். யானை செத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

பிடித்து வேறு காட்டில் விடுவதையும் பார்த்தாயிற்று. 2019இல் கோவை தடாகத்தில் பிடித்த சின்னத்தம்பி என்ற யானையை ஆனைமலையில் டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். சில நாளில் உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றது. தருமபுரியில் பிடித்த மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானை) 2023இல் அதே மலையில் விட்டார்கள். அது கோவை நகருக்கே நடந்து வந்தது. வாழையும் கரும்பும் தின்று பழகிய ஆண் யானையை எங்கே விட்டாலும் அது தோட்டத்தைத்தான் தேடும். சுட்டுக் குறைக்கவும் வழியில்லை. வனவிலங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு மனித உயிருக்கு ஆபத்து, மீள முடியாத நோய் அல்லது ஊனம் என்றால் மட்டும் இடம் தருகிறது. பயிர்ச் சேதம் அதில் வராது.

பெருகிவிட்டது என்கிறீர்கள். தமிழ்நாட்டுக் கணக்கு 2023இல் 2,961, 2024இல் 3,063, வித்தியாசம் நூற்றுச் சொச்சம்தான். 22 மாதம் சுமந்து, நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டி போடும் பிராணி அது. உங்கள் தோட்டத்துக்கு வருவதும் ஒரே ஆண்தானே.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் வேலி ஏன் செத்துக் கிடக்கிறது?

மெஷினைக் குறை சொல்லாதீர்கள், மெஷினிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியைப் பாருங்கள். காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லட்சக்கணக்கில் செலவழித்த வேலி, மெஷினில் பச்சை விளக்கு எரிகிறது, ஆட்டுக்குட்டி ஒன்று கம்பியில் முதுகை உரசிச் சொறிந்துகொண்டு நிற்கிறது! எர்த் எங்கே என்று கேட்டேன். மோட்டார் ரூமுக்குள் காய்ந்த செம்மண்ணில் முழ நீளத்துக்கு ஒரே கம்பி. அதைப் போட்டுக் காசு வாங்கிப்போன டீலர் பிறகு வந்து பேட்டரியை மட்டும் மாற்றிக்கொடுத்திருக்கிறார். எர்த் போடத் தெரியாதவன் வேலி விற்கவே கூடாது.

கம்பியிலிருந்து யானை உடம்பு வழியாக மண்ணில் இறங்கும் கரண்ட், எர்த் கம்பி வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் அடி விழும். மாசி, பங்குனியில் மண் காய்ந்தால் அந்தப் பாதை அறுந்துபோகிறது. யானை அப்போதும் வரும். துத்தநாகம் பூசிய ஆறடி இரும்பு ராடு (ஜி.ஐ. ராடு) குறைந்தது மூன்று வேண்டும். பத்தடி இடைவெளியில், தண்ணீர்த் தொட்டி ஓரம் மாதிரி ஈரம் காயாத இடத்தில் அடியுங்கள். வீட்டு எர்த்திலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். வேலியிலும் ஒரு கம்பி லைவ் (கரண்ட் வருவது), அடுத்தது எர்த் (ராடோடு சேர்த்தது) என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அடி விழும்.

சோதிப்பதற்கு முதலில் மெஷினை நிறுத்துங்கள். மெஷினிலிருந்து முன்னூறு அடி தள்ளி, இரும்புக் கம்பிகளை லைவ் கம்பியில் சாய்த்து மண்ணில் ஊன்றிவிட்டு மெஷினைப் போடுங்கள். வேலி 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் வேலி மீட்டரால் எர்த் ராடைப் பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் ராடு அடிக்க வேண்டும். எர்த் சரியான பிறகு, மெஷினை நிறுத்தி அந்த இரும்புக் கம்பிகளை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்; வேலியின் கடைசிக் கோடியில் 5,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் பெரும்பாலும் புல்லோ கொடியோ கம்பியைத் தொடுகிறது, வெட்டிவிடுங்கள்.

தந்தத்தில் கரண்ட் பாயாது. ஆண் யானை தந்தத்தால் கம்பியை நெம்பி அறுக்கும், கம்பமே கண்ணில் பட்டால் காலால் உதைக்கும். அதனால் காட்டுப் பக்கம் மட்டும் தொங்கு வேலி போடலாம். மேலிருந்து தொங்கும் கம்பியை நெம்ப முடியாது. காப்புக்காட்டை ஒட்டி இருப்பதால், வேலி வேலையைத் தொடங்குமுன் 2023 மின்வேலி விதிப்படி பதிவு பற்றி ரேஞ்சர் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், காட்டோர வரிசையில் வாழை வேண்டாம். அந்த அரை ஏக்கரில் மஞ்சளோ மிளகாயோ போடுங்கள், மிதிக்கும், தின்னாது. தவிட்டு மூட்டை மாட்டுக்கொட்டகையில் இருக்கிறதா? வாசனை பிடித்துச் சுவரை இடித்துவிடும். வீட்டுக்குள் கொண்டுபோய் மூடிவையுங்கள். சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, வனத்துறையில் நஷ்ட ஈட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.

புது மெஷினுக்குப் பணம் கட்டாதீர்கள். எர்த் ரீடிங்கையும் கடைக்கோடி ரீடிங்கையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.