தெர்மோசோம் 37 டிகிரியில் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: பயோடெக் முதுகலை மாணவி நான். பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் என்ற நுண்ணுயிரின் தெர்மோசோமை (மற்ற புரதங்கள் மடிய உதவும் புரதம்) ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, 80 டிகிரியில் சூடாக்கிச் சுத்தப்படுத்தினேன். 37 டிகிரியில் சோதித்தால் அது ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உடைப்பதே இல்லை. சூடாக்கியதில் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. இத்தாலியின் வல்கானோ தீவில், கடலோரச் சூடான வண்டலில் கிடைத்த ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான ஒற்றைச்செல் உயிர்) இந்த பைரோகாக்கஸ், 1986-ல் விவரிக்கப்பட்டது. 100 டிகிரியில்தான் நன்றாக வளரும். 80 டிகிரியில் திரிந்து படிந்தவை ஈ.கோலையின் புரதங்கள்தான்.

தெர்மோசோம் என்பது முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு வளையங்கள். வளையத்துக்கு 8 துணை அலகுகள், நடுவே குழி. சரியாக மடியாத புரதச் சங்கிலி அந்தக் குழிக்குள் போகும். ஏடிபி உடையும்போது வாய் மூடிக்கொள்ளும்; மற்ற சங்கிலிகளோடு சிக்காமல் உள்ளே தனியாக மடிய அதற்கு வாய்ப்புக் கிடைக்கும். ஈ.கோலையில் இதே வேலையைச் செய்யும் க்ரோஇஎல்லுக்கு க்ரோஇஎஸ் என்ற தனி மூடி தேவை. இங்கே துணை அலகுகளின் நீண்ட நுனிகளே சேர்ந்து மூடியாகின்றன. இப்படி மூடித் திறக்க ஒவ்வொரு அலகும் நன்றாக அசைய வேண்டும். கொதிநிலைக்கென்று இறுக்கமாக அமைந்த புரதம் 37 டிகிரியில் மார்கழிக் காலைத் தேங்காய் எண்ணெய் மாதிரிதான்: கெடவில்லை, விறைத்திருக்கிறது.

ஆகவே 70–80 டிகிரியில் சோதியுங்கள். மெக்னீசியம் இருக்கட்டும். பலர் கோட்டைவிடுவது பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்). 25 டிகிரியில் பிஎச் 8.0 வைத்த டிரிஸ் பஃபர், 75 டிகிரியில் ஏறக்குறைய 6.6-க்கு இறங்கிவிடும். ஹெப்பிஸ் பஃபர் இவ்வளவு மாறாது. அதையும் சோதனை வெப்பநிலையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாலகைட் கிரீன் முறையில் (ஏடிபி உடைந்து வரும் பாஸ்பேட்டை நிறத்தால் அளப்பது) அளப்பதாக இருந்தால் பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஏடிபி தானாகவும் கொஞ்சம் உடையும். புரதமே சேர்க்காத குழாய் ஒன்றைக் கூடவே வைத்து, அதில் வரும் அளவைக் கழியுங்கள். நீர் ஆவியாகாமல் இருக்க பிசிஆர் மெஷினின் சூடான மூடி போதும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 43 டிகிரியில் சிட்ரேட் சிந்தேஸ் என்ற சோதனைப் புரதம் திரளாமல் உங்கள் புரதம் தடுத்தால், உடனே ‘மடித்துக் கொடுக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். அது வெறும் பிடித்துவைத்தல். அதற்கு ஏடிபி தேவையில்லை. மடிப்பைக் காட்ட, அந்த 70–80 டிகிரிச் சூட்டைத் தாங்கும் புரதத்தையே இலக்காக எடுங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் 37 டிகிரிக்கு மேல் அளக்க வசதியே இல்லையென்றால், மெத்தனோகாக்கஸ் மாரிபாலூடிஸ் என்ற ஆர்க்கியாவின் சாப்பரோனினுக்கு (தெர்மோசோம் வகைப் புரதம்) மாறிவிடுங்கள். அந்த ஆர்க்கியா வளர்வதே 37 டிகிரியை ஒட்டித்தான்.