ஆறாம் வகுப்பின் முதல் வாரம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். இது என் முதல் பணியிடம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. 36 பிள்ளைகள். பாதிப் பேர் எங்கள் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள். மற்றவர்கள் சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். "காலாண்டுத் தேர்வு வரைக்கும் சிரிக்காதீர்கள் டீச்சர், அடிக்காவிட்டாலும் பிரம்பு மேசைமேல் இருக்கட்டும்" என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். தலைமையாசிரியரோ முதல் நாளே பாடத்தைத் தொடங்கச் சொல்கிறார். பி.எட். வகுப்பில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் பயந்து அடங்கியிருப்பதை நான் விரும்பவில்லை. வகுப்பு சந்தைக்கடையாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. முதல் நாட்களை எப்படித் திட்டமிடுவது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிரம்பிலிருந்து தொடங்குகிறேன். மேசைமேல் சும்மா கிடக்கும் பிரம்பும் அடிக்கிற பிரம்புதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், பிரம்பு வாங்கித் தரும் அமைதி நீங்கள் அறையில் இருக்கும்வரைதான் நிற்கும். தலைமையாசிரியர் அழைக்கிறார் என்று எழுந்து போன மறுநிமிடம் அது முடிந்துவிடும். பிரம்பைத் தலைமையாசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புது வகுப்புக்கு வருகிற பதினொரு வயதுப் பிள்ளையின் மனத்தில் முதல் நாள் என்ன ஓடுகிறது? எங்கே உட்காருவது, பக்கத்தில் யார் இடம் தருவார்கள், கழிப்பறை எந்தப் பக்கம், தெரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்களா. இவற்றுக்கு விடை கிடைக்காதவரை பின்னமும் இலக்கணமும் உள்ளே போகாது. அந்தப் பிள்ளை கேட்பதற்கு முன்பே விடையைத் தயாராக வைத்திருப்பதைத்தான் நான் திட்டமிடல் என்கிறேன். அந்த நாட்களில் எந்தப் பிள்ளையும் மற்றவர்கள் முன்னிலையில் தனித்துத் தெரியும்படி நிற்க நேரக்கூடாது. நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

வருகைப் பதிவேட்டைப் பள்ளி திறப்பதற்கு முந்தின நாளே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் வட்டாரத்துப் பதிவேட்டில் ஒச்சம்மாள் என்ற பெயர் இருக்கக்கூடும். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனின் பெயர் அது. அநேகமாக அந்தக் குழந்தையின் பாட்டியின் பெயரும்கூட. வெளியூரிலிருந்து வருகிற ஆசிரியர் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கினால் போதும், வகுப்பு சிரித்துவிடும். அந்தச் சிரிப்பு எட்டாம் வகுப்பு வரைக்கும் அவளை விடாது. போதும்பொண்ணு என்ற பெயரும் இருக்கலாம். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்ததற்காக இடப்பட்ட அந்தப் பெயரைத் தினமும் காலையில் எல்லார் முன்னிலையிலும் கேட்டு "உள்ளேன் டீச்சர்" என்று அவள் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் இருப்பதை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் முதல் நாள் வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில் "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்க முடியும். அவளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது இன்னொரு விதமாகச் சுட்டிக்காட்டுவதாகிவிடும். மூன்றாம் நாளுக்குள் பதிவேட்டைப் பார்க்காமல் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைக்கப் பழகிவிடுங்கள். இதற்கு ஈடாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

உட்காரும் இடத்தைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால் ஊர் அப்படியே பெஞ்சுக்கு வந்துவிடும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். நம் பக்கத்தில் தெரு என்பது எதைக் குறிக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன யோசனையாகத் தோன்றும். வகுப்பறையில் நின்றவர்களுக்கு அதன் கனம் தெரியும். முதல் நாள் அகரவரிசையிலேயே உட்காரவையுங்கள்; ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பெஞ்சு நகர்த்துங்கள். கடைசி பெஞ்சு என்பது யாருக்கும் நிலையான முகவரியாகக் கூடாது. கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். கண் மங்கலாக இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அறிமுகம் என்ற பெயரில் "அப்பா என்ன வேலை பார்க்கிறார்? எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள். சாதியும் வசதியும் ஐந்து நிமிடத்தில் வரிசைப்பட்டுவிடும். "விடுமுறைக்கு எங்கே போனாய்?" என்பதும் அப்படித்தான். கோடை முழுக்க செங்கல் சூளையில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு வந்த பையன் அதற்கு என்ன சொல்வான்? "உனக்கு எதைச் செய்யத் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். மல்லிகை தொடுப்பேன் என்பாள் ஒருத்தி. ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டுவேன் என்பான் ஒருவன். தம்பியைத் தூங்கவைப்பேன் என்றும் ஒரு குரல் வரும். எல்லாருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். அந்த ஆண்டு முழுவதும் உங்களுக்கு உதவும் செய்திகள் அவை.

முதல் நாளே ஒவ்வொருவரையும் எழுப்பிப் புத்தகம் வாசிக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று தெரிந்துகொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கு முன்பே வகுப்பு தெரிந்துகொள்கிறது: இவன் மக்கு என்று. அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவராக உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு வரி வாசிக்கக் கேளுங்கள். மற்றவர்கள் அப்போது படம் வரையட்டும். மெதுவான வேலைதான், ஆனாலும் இதைக் கைவிடாதீர்கள்.

வகுப்புத் தலைவன் கரும்பலகை ஓரத்தில் "பேசியவர்கள்" என்று எழுதிப் பெயர்களை அடுக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பதினொரு வயதுப் பையனிடம் சுண்ணக்கட்டியோடு தண்டிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். நண்பனின் பெயரை அழிப்பான், பிடிக்காதவனின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவான். வேண்டியவர், வேண்டாதவர் என்ற ஊர் அரசியலை நாமே கற்றுக்கொடுத்தபடி ஆகிறது. அதற்குப் பதிலாக வேலைகளைப் பகிர்ந்து கொடுங்கள்: பலகை துடைக்க, நோட்டு கொடுக்க, சன்னல் திறக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற. எல்லாருக்கும் சுற்றி வரட்டும். பெருக்குவதைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்காதீர்கள்.

சந்தைக்கடை ஆகுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. விதிகளைப் பலகையில் எழுதிப்போட்டால் மட்டும் ஒழுங்கு வராது, பழக்கினால்தான் வரும். நீங்கள் கையை உயர்த்தினால் எல்லாரும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விளையாட்டாகப் பல தடவை செய்துபாருங்கள். கடைசிப் பிள்ளை அடங்கும்வரை நீங்கள் பேசத் தொடங்காதீர்கள்; இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினால் அன்றிலிருந்து உங்கள் தொண்டைதான் புண்ணாகும். உள்ளே வருவது, நோட்டை எடுப்பது, தாமதமாக வந்தால் எப்படி நுழைவது என எல்லாவற்றையும் இப்படியே செய்துகாட்டிப் பழக்குங்கள். டவுன் பஸ்ஸை நம்பி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். உள்ளே வந்து உட்காரட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கழிப்பறையை முதல் நாளே நீங்கள் நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வேறு பள்ளியிலிருந்து வந்த பெண் குழந்தைகள் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் மாலைவரை இருப்பார்கள். பூப்பெய்தும் வயதும் இதுதான். காரணம் சொல்லாமலே வெளியே போக ஒரு கைச்சாடை வைத்துக்கொடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக வந்த திட்டம். போன ஆண்டுவரை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கலாம். பதினொரு மணிக்குத் தலை சாய்க்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அதையும் தனியாக. எத்தனை பேர் என்று தெரிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். ஊருக்குள் வழி பிறக்கும்.

தலைமையாசிரியர் பாடத்தைக் கேட்பதிலும் தவறில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள் வேண்டும் என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டம். அதில் முதல் ஐந்து நாட்களை இப்படிச் செலவழித்தால் மீதி நாட்களில் "உஷ்" சொல்லும் நேரம் மிச்சமாகும் என்று அவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஐந்து நாட்களிலும் தினம் ஒரு சின்னப் பாடமாவது நடத்துங்கள். வீட்டில் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்ல ஒன்று இருக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள் என்று சொன்னவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். முதல் நாளே சிரியுங்கள்.

கடைசியாக, ஜூன் முடியும்வரை புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். வேலைக்கு வெளியூர் போன குடும்பம் திரும்பியிருக்கும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாகியிருக்கும். அவர்களுக்கு முதல் வாரம் என்ற ஒன்றே கிடைப்பதில்லை. ஒரு பெஞ்சில் இடமும் இரண்டு நோட்டும் எப்போதும் தயாராக வைத்திருங்கள். கழிப்பறை முதல் கைச்சாடை வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வகுப்பிலேயே ஒரு பிள்ளையை அன்றன்றைக்கு நியமியுங்கள். அகரவரிசையில் உட்காரவைத்ததற்கு வீடுகளிலிருந்து ஏதும் எதிர்ப்பு வந்தால் எனக்கு எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.

அன்புடன்